பிழையும் நம்பகமும்

தட்பவெப்ப மாற்றத்தைக் குறித்த விவாதங்களில், "விஞ்ஞானிகளும் தவறியிருக்கிறார்களே, அவர்களை எவ்வாறு நம்புவது?" என்னும் வினா அடிக்கடி எழுகிறது. இமயமலைப் பனியாறுகளைப் பற்றிய ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு இதனை நாம் ஆராய்வோம்.

ஐக்கிய நாடுகளின் ஆதரவில் இயங்கும் பன்னாட்டு அரசுகளின் தட்பவெப்ப மாற்றக் குழு 2007-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின் இரண்டாம் தொகுதியில், அப்பனியாறுகள் 2035-க்குள் மறைந்துபோகக்கூடும் என்று எழுதப்பட்டிருந்தது. இக்கூற்று, துறையறிஞர் முறையாகச் சரிபார்த்த ஆய்வினின்று எடுக்கப்பட்டதன்று. இயற்கைப் பாதுகாப்பு அமைப்பொன்றின் அறிக்கையிலிருந்து எடுத்தாளப்பட்டது. அத்துணைப் பனி அவ்வளவு விரைவில் உருக இயலாது. இதை விளக்கிக் காட்டியவர்களுள் பனியாறுகளை ஆராயும் விஞ்ஞானிகளே முதன்மையானோர். 2010 ஜனவரியில் அக்குழு, தன் விதிமுறைகள் சரிவரக் கைக்கொள்ளப்படவில்லை என்று ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது.

இதனால் பனியாறுகள் தேயவில்லை என்று ஆகிவிடுமோ? ஆகாது. செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2019-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, 1975 முதல் 2000 வரை இருந்ததைவிட, 2000 முதல் 2016 வரை இமயப்பனி ஏறக்குறைய இருமடங்கு வேகத்தில் குறைந்ததெனக் காட்டியது. குறித்த ஆண்டு தவறு, உருகுதல் உண்மை.

பிழையே நேராத மனிதக் கல்வி எதுவுமில்லை. பிழையைத் தேடிக் கண்டு திருத்திக்கொள்ளும் முறைமையே நம் நம்பிக்கைக்குரியது. 2035 என்று சொல்லி மக்களை அச்சுறுத்தியவரும், அவ்வொரு பிழையைக் காட்டி அறிக்கை முழுவதையும் தள்ளியவரும் மூலத்தை ஆராயாமலே பேசினர். பிரசங்க பீடத்தில் நிற்கும் நாமும் இவ்விரு தவறுகளுக்கும் உட்படக்கூடியவர்களே. கேட்ட செய்தியைச் சொல்லுமுன் அதன் ஊற்றை ஆராய்வதும், தவறிச் சொல்லிவிட்டால் அதே சபையார் முன் திருத்திக்கொள்வதும் நம் கடமையாகும்.