மலைப் பாதையில் டிராக்டர்: எல்.எல்.ஆர். முதல் முழு உரிமம் வரை

ஜவ்வாது மலையில் சாமை, கேழ்வரகு விளையும் சரிவு நிலங்களில் ஏரும் மாடும் உழைத்த காலம் இன்னும் முற்றிலும் போய்விடவில்லை. எனினும் உழவுக்கும், விளைபொருளைச் சந்தைக்கு இறக்குவதற்கும் டிராக்டரும் மினி லாரியும் பல ஊர்களில் வந்துவிட்டன. ஏர் பிடித்துப் பழகிய கைக்கு ஸ்டியரிங் எளிதில் வந்துவிடுகிறது. உரிமம் வாங்குவதைத்தான் "அறுவடை முடியட்டும்" என்று பலரும் தள்ளிப்போடுகின்றனர். நிலத்தை விட்டுப் பொதுச் சாலையில் சக்கரம் ஏறினால் உரிமம் கட்டாயம் என்பதை விவசாயிகள் நினைவில் கொள்ள வேண்டும்.

எந்த உரிமம்?

வெற்று எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத டிராக்டர், 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி இலகு ரக வாகனமே ஆகும். டிரெய்லரை இணைத்ததால் மட்டும் டிராக்டர் ஓட்டுநரின் உரிமம் செல்லாமல் போகாது என்று 2001-ல் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வாகனத்தையும் இலகு ரக உரிமத்தைக் கொண்டே ஓட்டலாம் என்பது 2017-ல் தீர்ப்பாகி, 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்வால் உறுதி செய்யப்பட்டது.

பழகுநர் உரிமம்

18 வயது நிறைந்தவர் எல்.எல்.ஆர். எனப்படும் பழகுநர் உரிமத்திற்கு விண்ணப்பிக்கலாம். ஆதார் அட்டை, வயதுச் சான்று, முகவரிச் சான்று, உடல் தகுதி உறுதிமொழி ஆகியவை தேவை. 40 வயதைக் கடந்தவர்கள் மருத்துவச் சான்றும் பெற வேண்டும். இணையதளம் வழியே விண்ணப்பிக்க வேண்டியிருப்பதால், இ-சேவை மையத்தின் உதவியை நாடலாம்.

சாலைக் குறிகள், விபத்து நேர்ந்தால் ஓட்டுநரின் கடமை, காவலில்லாத ரயில்வே கேட்டைக் கடக்கும் முறை முதலியவை பற்றிக் கேள்விகள் வரும். தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். 100-க்கு 60 விழுக்காடு சரியாக இருந்தால் தேர்ச்சி.

பழகுநர் உரிமம் 6 மாதம் செல்லும். இக்காலத்தில் வாகனத்தின் முன்னும் பின்னும் வெள்ளைப் பலகையில் சிவப்பு நிற 'எல்' எழுத்து இருக்க வேண்டும். முழு உரிமம் உள்ள ஒருவர், வண்டியை நிறுத்தக்கூடிய இடத்தில் உடன் அமர்ந்திருக்க வேண்டும்.

ஓட்டிக் காட்டும் தேர்வு

பழகுநர் உரிமம் பெற்று 30 நாள் கழித்து, அது காலாவதியாகும் முன் தேர்வுக்குச் செல்ல வேண்டும். 2019-ம் ஆண்டுத் திருத்தத்தின்படி மாநிலத்தின் எந்த உரிம அலுவலகத்திலும் விண்ணப்பிக்கலாம். ஆகவே, மலையின் எந்தப் பக்கம் வசிக்கிறீர்களோ, அதற்கேற்பத் திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் ஆகியவற்றுள் பஸ் வசதியுள்ள ஊரைத் தேர்ந்து கொள்ளலாம்.

சைகை காட்டுதல், திரும்புதல், குறுகிய இடத்தில் பின்னோக்கி ஓட்டுதல் ஆகியவற்றுடன், மேட்டில் வண்டியை நிறுத்தி, சிறிதும் பின்னே உருளாமல் மீண்டும் எடுத்துக் காட்ட வேண்டும். மலைவாசிகளுக்கு இது வெறும் தேர்வன்று, அன்றாடத் தேவை. கை பிரேக்கைப் பிடித்து, கிளட்சை மெல்ல விட்டு, இன்ஜின் இழுக்கத் தொடங்கிய பின்னரே பிரேக்கை விட வேண்டும். தவறினால் 7 நாள் கழித்து மீண்டும் முயலலாம். மூன்று முறை தவறினால் 60 நாள் காத்திருக்க வேண்டும்.

மத்திய விதிகளின்படி பழகுநர் உரிமத்திற்கு ரூ.150, அதன் தேர்வுக்கு ரூ.50, ஓட்டும் தேர்வுக்கு ரூ.300, முழு உரிமத்திற்கு ரூ.200 கட்டணம். சேவைக் கட்டணம் தனி. 30 வயதுக்கு உட்பட்டவர் பெறும் உரிமம் 40 வயது வரை செல்லும்.

இறக்கத்தில் கவனம்

இறங்கும்போது நியூட்ரலில் விடுவது பேராபத்து. எந்தக் கியரில் ஏற முடியுமோ, அதே கியரில் இறங்க வேண்டும். டிராக்டரின் இரண்டு பிரேக் மிதிகளையும் சாலைக்கு வருமுன் கொக்கியிட்டு இணைத்துவிட வேண்டும். தனித்தனியே விட்டால் ஒரு சக்கரம் மட்டும் நின்று வண்டி கவிழக்கூடும். குறுகிய பாதையில் இறங்கும் வண்டி, ஏறும் வண்டிக்கு வழி விட வேண்டும்.

டிரெய்லரிலும் சரக்கு வண்டியிலும் ஆட்களை ஏற்றுவது கூடாது. 2022 ஏப்ரல் 2-ல் புதூர்நாடு அருகே சேம்பறை மலைக் கோயிலுக்குச் சென்ற வேன் பள்ளத்தில் கவிழ்ந்து 11 பேர் உயிரிழந்ததை இம்மலை மக்கள் மறக்கவில்லை.

உரிமம் இல்லாவிட்டால்

உரிமமின்றி ஓட்டினால் ரூ.5,000 அபராதம். ஓட்டக் கொடுத்த உரிமையாளருக்கும் தனியே ரூ.5,000. சிறுவன் ஓட்டிப் பிடிபட்டால் பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் ரூ.25,000 அபராதமும் உண்டு. அச்சிறுவன் 25 வயது வரை உரிமம் பெற முடியாது.

அபராதத்தைக் காட்டிலும் கொடியது வேறொன்று. விபத்தில் ஒருவர் இறந்தால், காப்பீட்டு நிறுவனம் நஷ்டஈட்டைச் செலுத்திவிட்டு, உரிமமில்லாதவரிடம் வண்டியைக் கொடுத்த உரிமையாளரிடமிருந்து முழுத் தொகையையும் வசூலிக்க வழியுண்டு. இரண்டு ஏக்கர் வைத்திருப்பவருக்கு அது நிலத்தையே விற்கும் நிலை. சில நூறு ரூபாயும் இரண்டு மூன்று நாள் அலைச்சலும் அதைத் தடுத்துவிடும். எனவே அடுத்த உழவுப் பருவத்திற்குள் வீட்டில் வண்டி ஓட்டும் ஒவ்வொருவரும் உரிமம் பெற்றுக் கொள்வது நலம்.