தட்டு சுத்துது... கம்ப்யூட்டர் எழுந்திருக்க மாட்டேங்குதே!

"சி.டி.யா? இந்தக் காலத்திலா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். சினிமாப் பாட்டு போனுக்குப் போய்விட்டது. கல்யாண வீடியோ பென் டிரைவுக்குப் போய்விட்டது. புதிதாக வாங்கும் லேப்டாப்பில் சி.டி. போடுகிற வாயே கிடையாது. மொட்டை மாடியில் வடாமுக்குக் காவலாக நூலில் தொங்கி, காக்காய் ஓட்டுவதோடு அதன் ஜென்மம் சாபல்யம் அடைந்துவிட்டது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள்.

சுங்குவார்சத்திரம் பக்கம் கொஞ்சம் வந்து பாருங்கள்.

சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டினால் வருகிற ஊர். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ கார் ஓட ஆரம்பித்தது. 2006-ல் நோக்கியா வந்தது. 2014 நவம்பரில் கதவைச் சாத்திக்கொண்டது. 2007-ல் டெல் கம்பெனி ஸ்ரீபெரும்புதூரில் கம்ப்யூட்டரே தயாரிக்கத் தொடங்கியது. சாம்சங் சுங்குவார்சத்திரத்துக்குக் குடிவந்ததும் அதே வருஷம்தான். இப்போது ஐபோன்கூட இந்தப் பக்கத்துப் பிள்ளை.

இந்தப் பெரிய வீட்டுப் பிள்ளைகளுக்குப் பின்னால், சந்து சந்தாகச் சின்னப் பட்டறைகள் இருக்கின்றன. பிராக்கெட், ரப்பர் வாஷர், குழாய் என்று ஏதாவது ஒன்றைச் செய்து பெரிய கம்பெனிக்கு அனுப்புகிறவர்கள். அங்கே லட்சக்கணக்கில் போட்டு வாங்கிய மெஷின் இருபது வருஷம் உழைக்கும். அதோடு வந்த கம்ப்யூட்டரும் கூடவே உழைத்தாக வேண்டும். விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8-ம் தேதியே கைகழுவிவிட்டது. பட்டறை மெஷினுக்கு யார் போய்ச் சொல்வது? அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. என்றைக்காவது படுத்துக்கொண்டால் எழுப்புவதற்கு இருக்கும் ஒரே வாசல், அந்தச் சி.டி. டிரைவ்!

அப்படி ஒன்று படுத்துக்கொண்டபோது கூட இருந்து பார்த்தேன். சொல்கிறேன்.

சனிக்கிழமை சாயங்காலம் என் மச்சினனிடமிருந்து போன். அங்கே ஒரு பட்டறையில் மெயின்டனன்ஸ் பார்க்கிறான்.

"மாமா, டெஸ்ட் பெஞ்ச் கம்ப்யூட்டர் படுத்துடுச்சு. பூட் சி.டி. எழுதிப் போட்டா அதுவும் எழும்ப மாட்டேங்குது. திங்கக்கிழமை காலைல எட்டு மணிக்கு லோடு போகணும். கொஞ்சம் வரீங்களா?"

போனேன். காருக்கான சின்னக் குழாய்களில் காற்று அடித்து, ஒழுகுகிறதா என்று பார்க்கிற மெஷின். ஒவ்வொரு லாட்டுக்கும் ரிப்போர்ட் அடித்துத் தர வேண்டும். ரிப்போர்ட் இல்லாமல் சரக்கு போனால் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். எந்தக் குழாய்க்கு எவ்வளவு அழுத்தம், எத்தனை விநாடி என்கிற ஆறு வருஷக் கணக்கு அந்த ஒரே ஹார்ட் டிஸ்கில்தான்.

"வேற காப்பி?"

"எடுத்து வைக்கச் சொல்லி மூணு லெட்டர் குடுத்தேன் மாமா. மூணு லெட்டருக்கும் காப்பி இருக்கு."

இதற்குள் வெளியிலிருந்து வந்த ஒரு சர்வீஸ்காரர், "ஃபார்மட் அடிச்சிடலாம் சார். ஒரு மணி நேர வேலை. ஐந்நூறு ரூபா" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். கம்ப்யூட்டர் ஓடும், சந்தேகமில்லை. ஆறு வருஷக் கணக்கு ஓடிப்போயிருக்கும்!

மூலையில் ஒரு பையன் நின்றுகொண்டிருந்தான். ஐ.டி.ஐ. முடித்து அப்ரென்டிஸாக வந்து நான்கு மாதம். "இவன்தான் நோண்டிக் கெடுத்துட்டான்" என்பது சூப்பர்வைசர் தரப்பு வாதம். திங்கட்கிழமை அவனைக் கணக்கு முடித்து அனுப்புவதாக முதலாளி சொல்லிவிட்டாராம்.

மானிட்டரில் 'என்.டி.எல்.டி.ஆர். இஸ் மிஸ்ஸிங்' என்று வெள்ளை எழுத்தில் ஒரு வரி. எக்ஸ்.பி.யைத் தட்டி எழுப்புகிற சின்ன ஃபைல் ஒன்றைக் காணோம் என்று அர்த்தம். வீடு பத்திரமாக இருக்கிறது, சாவியைத்தான் காணோம் என்பது மாதிரி. எனவே சி.டி.யிலிருந்தே ஓடக்கூடிய லினக்ஸ் ஒன்றைப் போட்டு உள்ளே நுழைந்து, ஃபைல்களை முதலில் வெளியே எடுத்துவிட வேண்டும். பையன் அதைத்தான் முயன்றிருக்கிறான். யோசனை நூற்றுக்கு நூறு சரி. தட்டுதான் எழுப்பவில்லை.

முதல் குற்றவாளி: பிரிக்காத மூட்டை

தட்டை ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட்டுத் திறந்து பார்த்தோம். உள்ளே ஒரே ஒரு ஃபைல். பெயரின் கடைசியில் ஐ.எஸ்.ஓ.

"திறக்குதே சார், அப்புறம் ஏன் பூட் ஆகலை?" என்றான் பையன்.

எழுதிய தட்டு விஷயத்தில் பாதிப் பேர் தடுக்கி விழுகிற இடம் இது. ஐ.எஸ்.ஓ. என்பது ஒரு முழுத் தட்டின் அச்சு அசல் நகல், மூட்டையாகக் கட்டியது. அதை மற்ற ஃபைல் மாதிரி இழுத்துத் தட்டில் போட்டால் மூட்டை மூட்டையாகவே இருக்கும். அரிசி மூட்டையைப் பிரிக்காமல் அப்படியே அடுப்பில் ஏற்றினால் சோறாகுமா?

இதற்குப் பின்னால் ஒரு சாப்பாட்டுக் கதையும் உண்டு. சி.டி.யிலிருந்து கம்ப்யூட்டர் எழுவதற்கான விதிமுறையை ஐ.பி.எம்., ஃபீனிக்ஸ் என்கிற இரண்டு கம்பெனிக்காரர்கள் 1995 ஜனவரியில் வெளியிட்டார்கள். கலிபோர்னியாவில் அவர்கள் உட்கார்ந்து பேசிய மெக்ஸிகன் ஓட்டலின் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள்: எல் டொரிட்டோ. நம்மூரில் பேசியிருந்தால் 'முருகன் மெஸ்' என்று வைத்திருப்பார்கள். அந்த விதிப்படி, கம்ப்யூட்டர் தட்டின் 17-ம் எண் கட்டத்துக்கு நேரே போய்ப் பார்க்கும். அங்கே எல் டொரிட்டோ என்று எழுதியிருந்தால், அது காட்டுகிற இடத்திலிருந்து எழும். இல்லையா, 'இது பாட்டுத் தட்டு போல' என்று அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடும். மூட்டைக்குள் இருக்கிற எல் டொரிட்டோ அதன் கண்ணில் படாது.

விண்டோஸ் 7-லிருந்து இதற்கு வழி உள்ளேயே இருக்கிறது. ஐ.எஸ்.ஓ. ஃபைல் மேல் வலது பட்டனைத் தட்டினால் 'பர்ன் டிஸ்க் இமேஜ்' என்று வரும். அப்படி இன்னொரு தட்டு எழுதினோம். திறந்து பார்த்தால் வரிசையாகப் பல ஃபைல்கள். ஜெயம் என்று நினைத்துப் பட்டறைக் கம்ப்யூட்டரில் போட்டால்... டிரைவ் விளக்கு நாலு தடவை கண் சிமிட்டியது. கொஞ்சம் உறுமியது. அடங்கிவிட்டது. மறுபடி அதே வெள்ளை வரி.

இரண்டாவது குற்றவாளி: ஆள் மாறாட்டம்

தட்டைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தேன். அது சி.டி.யே இல்லை, டி.வி.டி.! கடைக்காரர், "ரெண்டும் ஒண்ணுதான் தம்பி, இதுல நிறையவே பிடிக்கும்" என்று கொடுத்திருக்கிறார். பட்டறை டிரைவின் முகப்பில் பார்த்தால் 'காம்பாக்ட் டிஸ்க்' என்கிற சின்னம் மட்டும்தான். டி.வி.டி. என்ற பேச்சே இல்லை.

இரண்டுக்கும் குறுக்களவு ஒன்றே, 12 சென்டிமீட்டர். கண்ணுக்கு அண்ணன் தம்பி. சி.டி.யைப் படிக்கும் லேசர் ஒளியின் அலைநீளம் 780 நானோமீட்டர், டி.வி.டி.க்கு 650. டி.வி.டி.யில் எழுத்து பொடி எழுத்து, வரிகளும் நெருக்கம். சி.டி. மட்டும் தெரிந்த டிரைவிடம் டி.வி.டி.யைக் கொடுப்பது, தாத்தாவிடம் கண்ணாடி இல்லாமல் மருந்துப் பாட்டிலின் லேபிளைப் படிக்கச் சொல்வது மாதிரி. பாவம், அதுவும் நாலு தடவை முயன்று பார்த்தது.

சனிக்கிழமை ராத்திரி எட்டரை மணிக்கு வெறும் சி.டி.க்கு எங்கே போவது? மொபைல் கடை, ஜெராக்ஸ் கடை எல்லாவற்றிலும் எங்களை ஒரு மாதிரி பார்த்தார்கள். கடைசியில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில், பழைய கல்யாண ஆல்பங்களுக்கு அடியிலிருந்து தூசு தட்டி எடுத்துக் கொடுத்தார் ஒரு பெரியவர். காசு கொடுத்தால், "வெச்சுக்குங்க தம்பி, இதை வாங்க ஆள் வந்ததே சந்தோஷம்" என்றார்.

சி.டி.யில் 700 எம்.பி.தான் பிடிக்கும். நாங்கள் எடுத்தது பப்பி லினக்ஸ் என்கிற சின்னது, 300 எம்.பி.க்குள் அடங்கியது. எழுதி முடித்ததும் சரிபார்க்கச் சொல்லும் கட்டத்தையும் டிக் செய்தோம். ஒரு குறையும் இல்லை. பட்டறையில் போட்டோம்.

அதே வெள்ளை வரி!

சூப்பர்வைசர், "நான்தான் அப்பவே சொன்னேனே" என்கிற முகத்தோடு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது குற்றவாளி: மறதிக்காரன்

இந்த இடத்தில்தான் ஆட்கள் பொறுமை இழந்து நாலைந்து விஷயங்களைச் சேர்த்து மாற்றுவார்கள். அப்புறம் எது காரணம் என்று பிரம்மனுக்கும் தெரியாது. நாங்கள் ஒன்றை மட்டும் மாற்றினோம். மெஷினோடு வந்த ஒரிஜினல் எக்ஸ்.பி. சி.டி. பீரோவில் இருந்தது. கம்பெனியில் அச்சடித்த தட்டு. பூட் ஆகும் என்று நிச்சயமாகத் தெரிந்த தட்டு. அதைப் போட்டோம். அதுவும் எழுப்பவில்லை!

நல்ல செய்தி. நல்லது என்று தெரிந்த தட்டே எழுப்பாவிட்டால் சந்தேகம் தட்டைவிட்டு அடுத்த ஆளிடம் போகிறது. பயாஸில் போய்ப் பார்த்தோம். வரிசையில் ஹார்ட் டிஸ்க் முதலில், சி.டி. இரண்டாவது. ஹார்ட் டிஸ்க் 'நான் இருக்கிறேன்' என்று கை தூக்கிவிட்டு, அப்புறம்தான் 'சாவியைக் காணோம்' என்கிறது. அதற்குமேல் கம்ப்யூட்டர் சி.டி. பக்கம் திரும்பிப் பார்ப்பதேயில்லை.

"சார், அதை நேத்தே மாத்தினேன் சார். சத்தியமா சார்" என்றான் பையன். குரல் உடைந்துவிட்டது.

"கதை விடாதே" என்றார் சூப்பர்வைசர்.

அதே பயாஸ் திரையின் மேல் மூலையில் தேதி இருந்தது: 2002 ஜனவரி 1. பையன் சொன்னது சத்தியம்தான்! மதர்போர்டில் காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும். சி.ஆர். 2032 என்று பெயர், 3 வோல்ட். தேதி, பூட் வரிசை எல்லாவற்றையும் கரண்ட் இல்லாத நேரத்தில் நினைவில் வைத்துக்கொள்வது அதன் உபயம். அது எப்போதோ செத்துப்போயிருக்கிறது. மூன்று ஷிஃப்டும் கரண்டிலேயே இருந்த மெஷின், அதனால் யாருக்கும் தெரியவில்லை. ரிப்பேருக்காகப் பிளக்கைப் பிடுங்கப் பிடுங்க, பையன் மாற்றி வைத்ததையெல்லாம் அது மறந்துகொண்டே வந்திருக்கிறது.

கார் ரிமோட் சாவியில் போடுகிற அதே பேட்டரிதான். பஸ் ஸ்டாப் பக்கத்துக் கடையில் வாங்கி மாட்டி, சி.டி.யை வரிசையில் முதலில் வைத்தோம். தட்டு சுற்றியது. திரையில் எழுத்துக்கள் மளமளவென்று ஓடின. எழுந்துவிட்டது!

முதல் வேலையாக எல்லா ஃபைல்களையும் பென் டிரைவில் எடுத்தோம். அந்தப் பழைய பயாஸுக்குப் பென் டிரைவிலிருந்து எழுந்திருக்கத் தெரியாது; எழுந்த பிறகு லினக்ஸுக்குப் பென் டிரைவ் நன்றாகவே தெரியும். இரண்டு காப்பி ஆன பிறகுதான் ஹார்ட் டிஸ்கில் கை வைத்தோம். காணாமல் போன ஃபைலையும் அதன் ஜோடியையும் எக்ஸ்.பி. சி.டி.யிலிருந்து எடுத்துப் போட்டதும், ராத்திரி ஒரு மணிக்கு டெஸ்ட் பெஞ்ச் 'ஙொய்ங்' என்றது.

மச்சினன் அதற்குள் லாக் புக்கைப் புரட்டியிருந்தான். 'சிஸ்டம் வரவில்லை' என்று முதலில் எழுதியிருந்தது வியாழக்கிழமை ராத்திரி ஷிஃப்டில். அப்ரென்டிஸ் பையனுக்கு ராத்திரி ஷிஃப்டே கிடையாது. புத்தகத்தை விரித்தபடியே முதலாளி மேஜையில் வைத்துவிட்டு வந்தோம்.

உங்கள் தட்டு எழுப்பாவிட்டால்...

1. தட்டைத் திறந்து பாருங்கள். ஒரே ஒரு ஐ.எஸ்.ஓ. ஃபைல் தெரிந்தால், 'பர்ன் டிஸ்க் இமேஜ்' முறையில் திரும்ப எழுதுங்கள்.

2. டிரைவின் முகப்பில் என்ன சின்னம் என்று பாருங்கள். டி.வி.டி. சின்னம் இல்லாத டிரைவுக்கு சி.டி.தான்.

3. பூட் ஆகும் என்று தெரிந்த வேறு தட்டைப் போடுங்கள். அதுவும் எழுப்பாவிட்டால் பயாஸ் வரிசையையும் தேதியையும் பாருங்கள்.

4. 'ஏதாவது ஒரு கீயை அழுத்து' என்று விண்டோஸ் தட்டு கேட்கும். சில விநாடிதான். கொட்டாவி விட்டால் போச்சு!

5. விண்டோஸ் 8 காலத்துக்குப் பிந்திய கம்ப்யூட்டர்களில் 'செக்யூர் பூட்' என்று ஒரு வாட்ச்மேன் உண்டு. முன்பின் தெரியாத தட்டை உள்ளே விட மாட்டார். செட்டிங்கில் போய்ப் பேச வேண்டும். டிஸ்க் என்கிரிப்ஷன் போட்டிருந்தால் அதன் ரெக்கவரி கீயைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

6. எழுதும் வேகத்தைக் கேட்டால் குறைவாக வையுங்கள். இறக்கிய ஐ.எஸ்.ஓ. முழுசாக வந்ததா என்று அதன் செக்சம் எண்ணை ஒப்பிடுங்கள்.

7. சி.டி.யில் விஷயம் இருப்பது லேபிள் பக்கத்து மேல்தோலுக்குக் கீழேதான். பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதாதீர்கள். வெயிலிலும் வைக்காதீர்கள்.

8. உள்ளே இருப்பதைக் காப்பி எடுக்கும்வரை 'இன்ஸ்டால்', 'ஃபார்மட்' என்ற வார்த்தைகளின் பக்கமே போகாதீர்கள்.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு லோடு போனது. பையனும் வேலைக்கு வந்தான். யாரும் அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. பட்டறை பாஷையில் அதற்கு மன்னிப்பு என்று பெயர். அந்த சி.டி.யை இப்போது பீரோவில் பூட்டி வைத்திருக்கிறார்கள். மேலே மார்க்கர் பேனாவால் குண்டு குண்டாக அவன் எழுதியிருக்கிறான்: 'டெஸ்ட் பெஞ்சுக்கு மட்டும். முதலில் பேட்டரியைப் பார். ஃபார்மட் அண்ணன் வந்தால் டீ கொடுத்து அனுப்பவும்.'