தொடர் நிரப்பு வினாக்களில் முரண்குறிச் சொற்கள்: அந்தமான் சூழலை முன்வைத்து

அந்தமான் நிக்கோபார்த் தீவுகளின் மக்களுள் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் என்பது 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பால் தெரியவருகிறது. தமிழ்வழிப் பள்ளிகளும் அங்கு உள்ளன. வகுப்பில் தமிழ், பொதுவழக்கில் இந்தி, போட்டித் தேர்வுகளில் ஆங்கிலம் என மும்மொழிகளை எதிர்கொள்ளும் மாணவர்க்குக் கோடிட்ட இடத்தை நிரப்பும் வினாவில் வரும் முரண்குறிகள் இடர்ப்பாடு தருகின்றன.

ஆங்கிலத்தில் 'ஆல்தோ' என்பது தொடரின் முதலில் நின்று முரணை முன்னறிவிக்கும். தமிழிலோ முரண்குறி வினையின் ஈற்றில் ஒடுங்கி நிற்கும். 'மழை மிகுதியாகப் பெய்தால் அணை ______' என்பதற்கு 'நிரம்பும்' என்பது விடை. 'பெய்தாலும்' எனின் 'நிரம்பாது' என்பதே விடை. ஆயினும் உம்மை யாண்டும் முரண் உணர்த்துவதில்லை. அதற்கு எட்டுப் பொருள்களைத் தொல்காப்பிய இடையியல் கூறுகிறது. 'மழையும் பெய்தது, அணையும் ______' என்புழி அஃது எண்ணும்மை, விடை 'நிரம்பியது'.

முரண்குறி வந்தால் எதிர்ச்சொல்லைத் தேர்க என்னும் பயிற்சி விதியும் முழுமையானதன்று. 'நிக்கோபாரில் தென்னை மிகுதி. வடக்கு அந்தமானிலோ நெல் ______' என்பதில் 'மிகுதி' என்பதே பொருந்தும். உம்மை எதிர்பார்ப்பை மறுக்கிறது. ஓகாரம் இங்குப் பொருளைப் பிரித்துக் காட்டுகிறது. ஆங்கில 'வைல்' இவ்விடத்து 'போது' எனப் பெயர்க்கப்படின், முரண் மறைந்து காலப்பொருள் புகுந்துவிடும்.

'பட்' என்பதற்கு இந்தியில் இடம் நோக்கி 'லேகின்', 'பல்கி' என இரு சொற்கள் உள. தமிழில் 'ஆனால்' முன்னதற்கே பொருந்தும். 'நிக்கோபாரி திராவிட மொழியன்று. ஆனால் ஆஸ்திரோ-ஆசிய மொழி' என்பது வழுவாம். 'திராவிட மொழியன்று, ஆஸ்திரோ-ஆசிய மொழி' என இணைப்புச் சொல்லின்றி வருதலே மரபு.

2018ஆம் ஆண்டு நீட் தேர்வுத் தமிழ் வினாத்தாளின் 49 வினாக்களுக்காக 196 மதிப்பெண் வழங்குமாறு உயர்நீதிமன்ற மதுரைக் கிளை ஆணையிட்டது. உச்சநீதிமன்றம் அவ்வாணையை நீக்கியது. அங்கு முதன்மையாகப் பேசப்பட்டவை கலைச்சொற்கள். கலைச்சொற் பிழை கண்ணுக்குப் புலனாகும். இடைச்சொற் பிழையோ மாணவரின் அறியாமையாகவே எண்ணப்பட்டுவிடும். எனவே பெயர்த்த வினாவை மூலத்தோடு ஒப்பிடுவதுடன் அமையாது, மூலத்தை அறியாத தமிழறிந்தார் ஒருவரை விடையளிக்கச் செய்து பார்த்தல் இன்றியமையாதது.