ஈர்ப்பலைத் தேடலும் ஐயத்தின் பயனும்

1969 ஆம் ஆண்டில் அமெரிக்கப் பௌதிகவியலாளர் ஜோசப் வெபர், அலுமினிய உருளைகளின் துணைகொண்டு ஈர்ப்பலைகளைக் கண்டறிந்துவிட்டதாக அறிவித்தார். பிற ஆய்வுகூடங்களின் பரிசோதனைகள் அம்முடிவை உறுதிப்படுத்தவில்லை. இரைச்சலைச் செய்தியென மயங்காதிருப்பது எங்ஙனம் என்பதே அதன்பின் இத்துறையின் அடிப்படை வினாவாயிற்று.

இவ்வினாவின் கடுமையை லைகோ ஆய்வுநிலையங்களைக் கொண்டு விளக்கலாம். அமெரிக்காவில் ஹான்போர்டிலும் லிவிங்ஸ்டனிலும் அமைந்த இவற்றின் புயங்கள் 4 கிலோமீற்றர் நீளமானவை. ஈர்ப்பலையால் அந்நீளத்தில் நேரும் மாற்றமோ புரோத்தனொன்றின் விட்டத்தில் நூற்றிலொரு பங்கிலும் குறைந்தது. நில அதிர்வு, வெப்ப அசைவு, லேசர் ஒளியின் ஏற்றத்தாழ்வு ஆகிய யாவும் தரவிற் கலந்துள்ளன.

இரு கருந்துளைகள் ஒன்றையொன்று சுற்றி நெருங்குகையில் அலையின் மீடிறனும் வீச்சமும் ஒருங்கே உயர்கின்றன. அவ்வலையின் வடிவத்தைப் பொதுச் சார்புக் கொள்கையிலிருந்து முன்கூட்டியே கணிக்கலாம். எனவே, வெவ்வேறு திணிவுகளுக்கும் சுழற்சிகளுக்கும் உரிய ஏறத்தாழ 250,000 மாதிரி அலைகள் கணிக்கப்பட்டு, ஒவ்வொன்றும் தரவோடு ஒப்பிடப்பட்டது. ஆயினும், இரைச்சலும் தற்செயலாக மாதிரியொன்றை ஒத்திருத்தல் கூடும். ஆகவே இரு நிலையங்களிலும் ஏறக்குறைய ஒரே கணத்தில், ஒரே மாதிரிக்குப் பொருந்துவனவே கருத்திற் கொள்ளப்படுகின்றன. நிலையங்களிடையே ஒளி செல்ல 10 மில்லிசெக்கன் போதும்.

தற்செயல் ஒருமிப்புகள் எத்துணை அரியன? ஒரு நிலையத்தின் தரவை இவ்விடைவெளியிலும் மிகுதியாக நகர்த்திவிட்டால், பின்னர்த் தோன்றும் ஒருமிப்புகள் இரைச்சலின் விளைவுகளே. இவ்வாறு பன்முறை நகர்த்தியதால், 16 நாட் தரவு 600,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட இரைச்சலின் இயல்பை உணர்த்திற்று.

ஆய்வாளர் தம்மையும் சோதித்தனர். 2010 செப்டெம்பரில் ஒரு சிலர் இரகசியமாகப் போலிச் சைகையொன்றைத் தரவிற் புகுத்தினர். ஏனையோர் அதனை ஆராய்ந்து கட்டுரையும் வரைந்தபின், 2011 மார்ச்சிலேயே உண்மை வெளிப்படுத்தப்பட்டது.

2015 செப்டெம்பர் 14 அன்று மெய்யான சைகை வந்தது. முதலில் லிவிங்ஸ்டனிலும், ஏறத்தாழ 7 மில்லிசெக்கனின் பின் ஹான்போர்டிலும் அது பதிவாயிற்று. சூரியனைப் போன்று ஏறத்தாழ 36 மடங்கும் 29 மடங்கும் திணிவுடைய இரு கருந்துளைகள் இணைந்தமையே அதன் காரணமாகும். இத்தகைய போலி ஒருமிப்பு 203,000 ஆண்டுகளில் ஒரு முறைக்கும் குறைவாகவே நேரும் எனக் கணிக்கப்பட்டது. அதன் பின்னரும் ஐந்து மாதகாலம் சரிபார்த்தே, 2016 பெப்ரவரி 11 அன்று கண்டுபிடிப்பை உலகறியச் செய்தனர். அத்தரவும் எவரும் மீளச் சோதிக்கும் வண்ணம் பொதுவில் வைக்கப்பட்டது.

கருவிகளின் நுண்மையை மட்டும் நாம் இங்கு வியத்தல் போதாது. தாம் ஏமாறக்கூடிய வழிகளைத் தாமே தேடி அளந்தமையாலேயே அவர்தம் கூற்று நம்பத்தக்கதாயிற்று என்பதனையும் நாம் மனங்கொள்ளல் வேண்டும்.