இரண்டாவது குண்டு எங்கே? மக்கர் செய்யும் வேட்டைத் துப்பாக்கி!

அமெரிக்காவில் நவம்பர் வந்தால் பல மாநிலங்களில் மான் வேட்டை களை கட்டும். அப்போது வேட்டைக்காரர்களின் பெரிய கவலை எது தெரியுமா?

முதல் குண்டில் காயம்பட்ட மான் எழுந்து ஓடும். இரண்டாவது குண்டு கிளம்பாமல் துப்பாக்கி மக்கர் செய்யும். மான் எங்கோ புதரில் துடிதுடித்துச் சாகும்!

கரி படிந்தால் வினை

‘செமி ஆட்டோமேட்டிக்’ ரைபிளில் விசையை அழுத்தும் ஒவ்வொரு தடவையும் ஒரு குண்டு பாயும். பல ரகங்களில், வெடித்த வாயு கொஞ்சம் சிறு துளை வழியாகப் போய் உள்தண்டைத் தள்ளும். காலித் தோட்டா வெளியே விழும். புதுத் தோட்டா தானாக ஏறும். உள்ளே கரி படிந்தால் எல்லாம் சிக்கும்.

கேலிப் பெயர்

1960 முதல் 1980 வரை தயாரான ‘ரெமிங்டன் 742’ சக்கைப்போடு போட்டது. ஆனால் நாளாக நாளாக அதன் உள்சுவர் தேய்ந்து சிக்கவே, ‘ஜாம்-ஓ-மேட்டிக்’ என்று கேலிப் பெயர் வந்தது! 1967-ல் வந்த ‘பிரவுனிங் பி.ஏ.ஆர்.’ நல்ல பேர் வாங்கியது.

வாங்கும் முன்...

பழைய துப்பாக்கி வாங்குகிறவர், தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டு, டார்ச் அடித்து உள்ளே பார்க்க வேண்டும். சுவரில் ஆழமான கீறலா? ‘வேண்டாம் சாமி’ என்று வைத்துவிடணும். வேட்டைக்குக் கொண்டுபோகும் அதே ரகத் தோட்டாவால் முன்கூட்டியே சுட்டுப் பார்க்கணும். கடுங்குளிரில் எண்ணெய் கெட்டியாகும், அளவோடு போடணும்.

துடைக்கப் பொறுமை இல்லாதவருக்கு, கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும் ‘போல்ட்’ துப்பாக்கியே மேல். வேகம் குறைச்சல்; மக்கரும் குறைச்சல்!