மன்னார்க் கருவாடும் பாதரசமும்



பேசாலை, தலைமன்னார், வங்காலைக் கரைகளில் காயும் கருவாடு நமது மலைநாட்டுக் கடைகள் வரை வருகிறது. லயத்துச் சமையலில் கருவாடு இல்லாத வாரம் ஏது? ஆனால், "மீனில் பாதரசம் இருக்காம், சாப்பிடவே கூடாதாம்" என்று பயப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். இதில் எது உண்மை என்று பார்ப்போம்.

காய்ச்சல் பார்க்கும் பழைய கண்ணாடி வெப்பமானிக்குள் வெள்ளி போல் மின்னுமே, அதுதான் பாதரசம். மண்ணோடு கலந்த தங்கத் தூளைப் பிரித்தெடுக்கவும் இதைப் பாவித்தார்கள். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1848க்குப் பின் தங்கம் தேடியவர்கள் ஆற்றோரமெங்கும் இதைச் சிந்தினார்கள். அங்கிருந்த நியூ அல்மடென் பாதரசச் சுரங்கம் 1970களில் மூடப்பட்டது. ஆனாலும் அதன் கழிவு சேர்ந்த குவாடலூப் ஆற்றில் பிடிக்கும் மீனைச் சாப்பிட வேண்டாம் என்று இன்றும் எச்சரிக்கிறார்கள். சுரங்கத்தை மூடலாம், சேற்றில் படிந்த பாதரசம் லேசில் போகாது.

சேற்றிலுள்ள நுண்ணுயிர்கள் அதை மெதைல் பாதரசம் என்ற நஞ்சாக மாற்றுகின்றன. அது பாசியில் ஏறும். பாசி தின்னும் பூச்சிகளைச் சின்ன மீன் தின்னும், சின்ன மீனைப் பெரிய மீன் தின்னும். ஒவ்வொரு படியிலும் நஞ்சு கூடும். பல வருடம் வாழும் சுறா, தின்ற மீன்களில் இருந்ததையெல்லாம் தன் சதையில் சேர்த்து வைத்திருக்கும்.

ஜப்பானின் மினமாட்டாவில் ஒரு தொழிற்சாலை கடலில் விட்ட பாதரசத்தால் வந்த நோய் 1956இல் வெளிப்பட்டது. அங்கே தாய் சுகமாக இருப்பது போலத் தெரிந்தாலும், பிறந்த பிள்ளைகள் மூளை பாதிக்கப்பட்டிருந்தார்கள். தமிழ்நாட்டில் நம்மைப் போன்ற மலைப்பிரதேசமான கொடைக்கானலில், 2001இல் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரசம் ஏரி மீனிலும் காணப்பட்டது.

அப்படியானால் மன்னார் மீன்? நம் நாட்டில் பாதரசச் சுரங்கம் கிடையாது. ஆனால் நிலக்கரிப் புகையோடும், பல நாடுகளின் சிறு தங்கச் சுரங்கங்களிலிருந்தும் பாதரசம் காற்றில் ஏறி எல்லாக் கடலிலும் விழுகிறது. ஆகவே எந்தக் கடல் மீனிலும் கொஞ்சம் இருக்கும். அது எவ்வளவு என்பது பெரும்பாலும் மீனின் இனத்தையும் பருமனையும் பொறுத்தது.

நெத்தலி, சாளை, சூடை, காரல் போன்ற சின்ன மீன்களில் மிகக் குறைவு. இவற்றைத் தாராளமாக வாங்கலாம். சுறா, வாள்மீன் போன்ற பெரிய மீன்களில் கூடுதல். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் சின்னப் பிள்ளைகளும் இவற்றைத் தவிர்ப்பதே நல்லது.

"நன்றாகக் கழுவிப் பொரித்தால் போகாதா?" என்று கேட்கலாம். போகாது. கழுவினால் உப்புத்தான் குறையும். (அதுவும் நல்லதே, கட்டாயம் ஊறவைத்துக் கழுவுங்கள்.) பாதரசம் சதையோடு ஒட்டியது. காயும்போது தண்ணீர் வற்றுமே தவிர பாதரசம் வற்றாது. அதனால் ஒரு கிலோ சுறாக் கருவாட்டில், ஒரு கிலோ பச்சைச் சுறாவில் உள்ளதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறச் சுறா நல்லது என்பது நம் பெரியவர்களின் வழக்கம். சின்னப் பால்சுறாவில் பாதரசம் குறைவுதான். ஆனால் துண்டு போட்டுக் காய்ந்த பிறகு அது சிறிசா பெரிசா என்று யாருக்குத் தெரியும்? அதற்குப் பதிலாக நெத்தலி, முட்டை, பருப்பு, முருங்கைக்கீரை கொடுங்கள்.

இதுவரை சுறா சாப்பிட்டு வந்த தாய்மார் கலங்க வேண்டாம். நிறுத்தினால் உடம்பில் உள்ளது சில மாதங்களில் படிப்படியாகக் குறையும். பயந்துகொண்டு மீனையே விட்டுவிடாதீர்கள். இரத்தச்சோகை அதிகமுள்ள நமது பெண்களுக்கு அது பெரிய நட்டம். சந்தேகமிருந்தால் தோட்டத்துக் குடும்பநல மாதுவிடம் கேளுங்கள். அடுத்த சம்பளத்துக்குக் கருவாடு வாங்கும்போது, வீட்டில் புள்ளத்தாச்சி இருந்தால், சின்ன மீனாகப் பார்த்து வாங்குங்கள்.