கோட்டையும் கோவிலும் ஒரு கைம்பெண்ணும்



லூக்கா நற்செய்தி 18-ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன ஓர் உவமையை நாம் அனைவரும் அறிவோம். கடவுளுக்கும் அஞ்சாத, மனிதரையும் மதிக்காத ஒரு நடுவர். அவரிடம் நீதி கேட்டு ஓயாமல் வந்து நின்ற ஒரு கைம்பெண். நிலைவாசலைத் தேய்த்தே அவள் வழக்கை வென்றாள். இது ஏதோ பழைய பாலஸ்தீனக் கதை என்று நாம் நினைத்துவிடலாம். ஆனால் அப்படி ஒரு கைம்பெண்ணின் வழக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன் நம் பக்கத்து ஊரிலேயே நடந்தது. அது நடந்த கட்டடங்களும் இன்றுவரை நிற்கின்றன.

திருமலைராயன்பட்டினத்தில் பேருந்து ஏறி, காரைக்காலைக் கடந்து, நண்டலாற்றைத் தாண்டி, பொறையாறு வழியாகச் சென்றால் தரங்கம்பாடி. அண்மையில் நம் பங்கு இளையோரோடு நாம் அங்கே சென்று வந்தோம். காலையில் புறப்பட்டு மாலைக்குள் திரும்பிவிடலாம். கோட்டை, அருங்காட்சியகம், ஆலயம் ஆகிய மூன்றும் நடந்து போகும் தூரத்தில்தான் இருக்கின்றன. எதை எப்படிப் பார்ப்பது என்று தெரிந்து போனால் அந்தப் பயணமே ஒரு தியானமாகிவிடும். அதற்காகவே இந்தச் சிந்தனை.

நம் கடற்கரை பல கொடிகளைக் கண்ட கரை. நாகப்பட்டினத்தில் போர்த்துக்கீசியர், பின்னர் ஒல்லாந்தர். காரைக்காலில் 1739 முதல் பிரெஞ்சுக்காரர். அவர்கள் கட்டிய கோட்டைகள் இன்று இல்லை. டேனியர் கட்டிய தரங்கம்பாடிக் கோட்டை மட்டும் நிற்கிறது. 1620-இல் டென்மார்க்கிலிருந்து ஓவ் கியெட்டே என்னும் கடற்படைத் தலைவர் வந்தார். தஞ்சை நாயக்க மன்னர் இரகுநாதரோடு உடன்படிக்கை செய்து, வாணிபத்துக்காக இந்த இடத்தைப் பெற்றார். மிளகுதான் அவர்களை அவ்வளவு தூரம் இழுத்து வந்தது. இரகுநாத நாயக்கர் டென்மார்க் மன்னருக்குத் தங்க ஓலையில் எழுதிய கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் பாதுகாக்கப்படுகிறது.

கோட்டைக்குள் நுழைந்ததும் நேராக மேல்தளத்துக்கு ஏறி, கடல் காற்றில் நின்று படம் எடுத்துக்கொள்வதுதான் வழக்கம். நாமோ முதலில் கீழ்த்தளத்தைப் பார்க்கச் சொன்னோம். மேலே கோட்டைத் தலைவரும் வணிகர்களும் குருக்களும் தங்கினார்கள். கீழே சரக்கு அறைகள், சமையலறை, மதுக் கிடங்கு, சிறை. மிளகு மூட்டையும் கைதியும் அடுத்தடுத்த அறைகளில். அந்தக் காலத்து அதிகாரம் எதை எங்கே வைத்தது என்பதை அந்தச் சுவர்களே காட்டுகின்றன.

கோட்டை 1978 முதல் தமிழ்நாடு தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது. அங்குள்ள அருங்காட்சியகத்தில் சீனத்துப் பீங்கான், வாள், ஈட்டி, பீரங்கிக் குண்டு, சுடுமண் பொருள்கள், டேனியர் காலத்து ஆவணங்கள் ஆகியவற்றைக் காணலாம். அருங்காட்சியகத்தில் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இங்கே யாருடைய பொருள் இருக்கிறது, யாருடைய பொருள் இல்லை? வாள் வைத்திருந்தவரின் வாள் இருக்கிறது. கடிதம் எழுதத் தெரிந்தவரின் கடிதம் இருக்கிறது. எழுதத் தெரியாதவர்களும், வாள் ஏந்தாதவர்களும் அந்த ஊரில் வாழ்ந்தார்கள். அவர்களுக்குக் கண்ணாடிப் பெட்டி இல்லை.

அந்தக் கைம்பெண்ணும் அப்படிப்பட்டவர்தான்.

1706 ஜூலை 9 அன்று பர்த்தலோமேயு சீகன்பால்கு, ஹென்ரிக் புளுட்சோ என்னும் இரு லூத்தரன் போதகர்கள் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார்கள். டென்மார்க் மன்னரே அவர்களை அனுப்பியிருந்தும், கோட்டைத் தலைவர் ஹாசியுஸ் அவர்களை விரும்பவில்லை. இரண்டு ஆண்டுகளில் பகை முற்றியது. நாவிதத் தொழில் செய்த ஒரு தமிழர் இறந்துபோனார். அவருக்கும் வாணிபக் கழகத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஒருவருக்கும் இடையே கடன் விவகாரம் இருந்தது. அந்தச் சுமை மனைவியின் தலையில் விழுந்தது. சீகன்பால்கு அவருக்காகப் பலமுறை பரிந்து பேசினார். டேனியர் வழிபட்ட ஆலயத்திலேயே கோட்டைத் தலைவர் முன் முழந்தாளிட்டு முறையிடும்படி அந்தப் பெண்ணுக்கு யோசனையும் சொன்னார். தலைவர் சினமுற்று ஆள் அனுப்பினார். எழுத்தில் அழைப்பு வேண்டும் என்றார் போதகர். கைது செய்தார்கள். 1708-இன் இறுதியில் தொடங்கிய அந்தச் சிறைவாசம் ஏறத்தாழ நான்கு மாதங்கள் நீடித்தது.

அன்புக்குரியவர்களே, இதில் இன்னும் ஒன்றை நாம் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தக் கடன் விவகாரத்தில் எதிர்ப்பக்கம் இருந்த மொழிபெயர்ப்பாளர் ஒரு கத்தோலிக்கர். நம்மவர். கைம்பெண்ணின் பக்கம் நின்றவரோ நம் முன்னோர் பதிதர் என்று ஒதுக்கிய சபையைச் சேர்ந்தவர். கோட்டையில் இதைச் சொன்னபோது இளைஞர் ஒருவர், "சாமி, இதை நாம ஏன் சொல்லணும்?" என்று கேட்டார். நல்ல சமாரியர் உவமையை இயேசு ஏன் சொன்னாரோ, அதற்காகத்தான் என்றோம்.

கோட்டையிலிருந்து அரசர் தெரு வழியாக நடந்தால் புதிய எருசலேம் ஆலயம். சீகன்பால்கு கட்டிய இந்த ஆலயம் 1718-இல் அர்ச்சிக்கப்பட்டது. சிலுவை வடிவில் அமைந்தது. முகப்பில் டென்மார்க் மன்னரின் முடியும் முத்திரை எழுத்தும் இருக்கின்றன. அடுத்த ஆண்டே, 36 வயதில், அவர் இறந்தார். பீடத்துக்கு முன்னே அவருடைய கல்லறை இருக்கிறது. அவருடைய உழைப்பால் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-க்குள் தரங்கம்பாடியிலேயே அச்சாகி முடிந்தது. அதற்கு முன்பே 1578-இல் நம் இயேசு சபைக் குரு ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ் அடிகளார் 'தம்பிரான் வணக்கம்' நூலைக் கொல்லத்தில் அச்சிட்டிருந்தார். தமிழுக்கு இரு சபையாரும் தொண்டு செய்தார்கள். ஆனால் ஒருவரையொருவர் தாக்கியும் எழுதினார்கள். நம் வீரமாமுனிவரும் தரங்கம்பாடிச் சபையை மறுத்து நூல் எழுதியவரே.

அந்த வீரமாமுனிவர் பிறந்தது இத்தாலி நாட்டில் காஸ்திலியோனே என்னும் சிற்றூரில். அங்கும் கோட்டை உண்டு, பழைய ஆலயங்கள் உண்டு. 1859-இல் அருகே சொல்பெரினோவில் பெரும்போர் நடந்தது. காயமுற்ற ஆயிரக்கணக்கான வீரர்களை அந்த ஊர் ஆலயங்களில் கிடத்தினார்கள். நண்பன், பகைவன் என்று பாராமல் ஊர்ப் பெண்கள் அவர்களுக்குப் பணிவிடை செய்தார்கள். அதை நேரில் கண்டு உடன் உழைத்த ஹென்றி டுனான்ட் என்பவரின் முயற்சியால் பின்னர் செஞ்சிலுவைச் சங்கம் பிறந்தது. அந்த ஊரில் இப்போது செஞ்சிலுவை அருங்காட்சியகம் இருக்கிறது. அந்த ஆலயங்களின் பெருமைக்குக் கோபுர உயரம் காரணமல்ல. உள்ளே கிடத்தப்பட்டவர்களை யாரும் தரம் பிரிக்கவில்லை என்பதே காரணம்.

நம்மைப் பிரித்த சுவரிலும் வாசல் திறந்திருக்கிறது. 1999 அக்டோபர் 31 அன்று கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் நாம் மீட்படைவது பற்றிய கூட்டு அறிக்கையில் கையொப்பமிட்டன. ஆனால் அறிக்கையில் இட்ட கையெழுத்து நம் தெருவுக்கு வந்து சேர வேண்டும்.

தெருவுக்கு வருவோம். குழுக் கடன் வசூலுக்கு வருபவர் வாசலில் நிற்கிறார். கணவரை இழந்த நம் சகோதரி உள்ளே ஒடுங்கி நிற்கிறார். வந்த நோட்டீசில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குப் படித்துச் சொல்ல யார் இருக்கிறார்கள்? வங்கிக்கு, தாலுகா அலுவலகத்துக்கு உடன் போக யார் இருக்கிறார்கள்? கடன் கொடுத்தவர் வெளியார் என்றால் நமக்குக் கோபம் எளிதாக வரும். அவர் நம் உறவினராக, பங்குப் பேரவையில் நம்மோடு அமர்பவராக இருந்தால்? அப்போது நாம் எந்தப் பக்கம் நிற்போம்? அந்தப் பெண் வேறு சபையாராகவோ வேறு சமயத்தவராகவோ இருந்தால்?

அந்தக் கோட்டையும் ஊரும் 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டன. வங்காளத்திலிருந்த டேனியர் குடியிருப்போடு சேர்த்து 12.5 இலட்சம் ரூபாய். மிளகு போயிற்று, கோட்டைத் தலைவரின் அதிகாரமும் போயிற்று. பெயர் தெரியாத ஒரு கைம்பெண்ணுக்காக ஒருவர் பேசியது மட்டும் இன்றும் பேசப்படுகிறது.

வாய்ப்புள்ளவர்கள் குடும்பமாகத் தரங்கம்பாடி சென்று வாருங்கள். கீழ்த்தளத்தில் அந்தச் சிறைப் பக்கம் சற்று நேரம் அமைதியாக நில்லுங்கள். நம் தெருவில் யாருடைய வழக்கு கேட்பாரற்றுக் கிடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். திரும்பி வந்ததும் அந்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள். நீதியின் ஆண்டவர் அதற்கான துணிவை நமக்குத் தருவாராக. ஆமென்.